நான்கு புள்ளடிகள்

1

வேலையால் வந்து தபால்பெட்டியைத் திறந்தேன். ஊர்க் கடிதம் ஒன்றுமில்லை. பச்சை மையில் அச்சடித்த ஒரு துண்டுப்பிரசுரம் மட்டும் கிடந்தது. வருகிற சனிக்கிழமை நகரசபைத் தேர்தலாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி டொரீன் மறுபடியும் போட்டியிடுகிறார். போன வருடப் படம்தான். அதே கம்பளிச் சட்டை, அதே மூக்குக்கண்ணாடி.

போன வருடம் தன் பிரசுரத்தை அவரே நேரில் கொண்டுவந்து தந்தார். கூடவே ஒரு எலுமிச்சம்பழக் கேக்கும் வந்தது. இந்த முறை கேக் இல்லை, கதவில் தட்டவும் இல்லை. தெருவில் எல்லாருடைய பெட்டிக்குள்ளும் போட்டதுபோல எங்கள் பெட்டிக்குள்ளும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பிரசுரத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். என் மனைவி பூமணி அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து மிளகாய்த்தூள் பேணிக்குக் கீழே செருகினாள். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் தேர்தல் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

சிட்னியில் ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆட்டிறைச்சி மலிவு, குளிருக்குப் பழகிவிட்டோம் என்றெல்லாம் ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. வெட்கம். அந்தப் பச்சைப் பிரசுரம் பேணிக்குக் கீழிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இனியும் மறைத்துப் பயனில்லை.

2

இந்தக் கடிதம் கைமாறிப் போகும், அதனால் என்னைத் தெரியாதவர்களுக்காக நாலு வரி. பெயர் சபாநாதன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதினாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். தேர்தல் வந்தால் என்னை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராக அனுப்பிவிடுவார்கள். செத்துப்போன மாமனாரின் பெயரில் வாக்குப் போட வந்த மருமகனைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். காலையில் மஞ்சள் சேலையில் வந்து, மத்தியானம் நீலச் சேலையில் திரும்பி வந்த அம்மாவின் விரலைப் பிடித்து, எலுமிச்சம்புளியால் தேய்த்தும் போகாத மையைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பேன். யாரையும் முதல் பார்வையில் நம்பாத பழக்கம் எனக்குச் சும்மா வந்ததல்ல. அரசாங்கம் சம்பளம் தந்து பழக்கியது.

வாக்கு எண்ணும் மேசையிலும் இருந்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியும், வேட்பாளரின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே ஒரு புள்ளடி போடவேண்டும். பெருக்கல் குறிபோல இரண்டே கோடு. யாராவது புள்ளடிக்குப் பதிலாக ஒன்று என்று இலக்கம் எழுதியிருந்தால் யோசிக்காமல் நிராகரித்த சீட்டுக் கட்டுக்குள் போட்டுவிடுவேன். "ஐயா, அந்த மனுசன் ஆருக்குப் போட நினைச்சவன் எண்டு தெரியுதுதானே" என்று முகவர்கள் கெஞ்சுவார்கள். மனத்தை எண்ண எனக்குச் சட்டம் இல்லை என்பேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இங்கே பரமட்டாவில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்தில் பதிவேடு எழுதுகிறேன். பூமணிக்கு ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. மகள் வதனிக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

வந்து ஆறு மாதம் கழித்து எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. குடியரசு நாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து இறங்கிய எங்களை, இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், இவர்கள் பிரித்தானியப் பிரசைகள் என்றார்கள். ஆகவே வாக்காளராகப் பதியவேண்டும். பதிந்தால் வாக்குப் போடவேண்டும். போடாவிட்டால் தண்டம். வாக்கைத் தட்டிப் பறிக்கிற அரசாங்கத்தை எனக்குத் தெரியும். வா, வந்து போடு, போடாவிட்டால் தண்டம் என்கிற அரசாங்கத்தை என்னவென்று நம்புவது? படிவத்தை மூன்று தரம் வாசித்து, வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

3

நாங்கள் வாங்கிய வீட்டின் குசினி நட்டநடுவில் இருக்கிறது. ஒரு மிளகாய் தாளித்தால் போதும், மணம் படுக்கையறை அலுமாரிக்குள் போய்க் குடியிருக்கும். ஒருநாள் வதனி பள்ளிக்கூடத்தால் வந்ததும் தன் சீருடைக் கம்பளிச் சட்டையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். பிறகு அதைக் கொண்டுபோய் வெளியே கொடியில் போட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. நானும் பூமணியும் பார்த்துக்கொண்டு நின்றோம். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "நத்திங்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை பூமணி தாளிக்கவில்லை. அவித்த மரக்கறி, அவித்த முட்டை. வீடு ஆஸ்பத்திரிபோல ஆகிவிட்டது. நான்தான் பின்வளவில் ஒரு தகரக் கொட்டில் போட்டேன். இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பழைய யன்னல், காஸ் அடுப்பு, ஒரு மேசை, அம்மி. இந்த ஊருக்கு வந்து என் கையால் செய்த ஒரே வேலை அதுதான். பூமணி மறுபடியும் அடுப்புக்கு முன்னால் வாய்க்குள் பாடத் தொடங்கினாள். வதனி சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டிவரத் தொடங்கினாள். நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

கச்சேரிக் கை சும்மா இருக்காது. நகரசபைக்கு மாதம் ஒரு கடிதமாவது எழுதுவேன். குப்பைத்தொட்டியின் மூடி, எரியாத தெருவிளக்கு, பின்பக்க ஒழுங்கையில் நிற்கும் சபையின் மரம் கொட்டும் இலை, யாரோ ஒருவரின் நாய். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். பதில் மட்டும் வராது.

ஆனால் ஒருநாள் நான் கேட்காத விடயத்துக்குக் கடிதம் வந்தது. அனுமதி பெறாமல் பின்வளவில் கட்டியிருக்கும் கட்டடத்தை அறுபது நாளுக்குள் அகற்றவேண்டும். பூமணி கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. "அப்ப திரும்பவும் அவிச்சுத்தான் தின்னவேணும்" என்று மட்டும் சொன்னாள்.

இப்படிக் கடிதம் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு பெட்டிசம் இருக்கும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மதில் அரை அடி தள்ளிப் போனால் பெட்டிசம். கிணற்றுக்குக் கட்டுக் கட்டினால் பெட்டிசம். பெயர் போடாமல், இடது கையால் எழுதி, தூரத்துத் தபாற்கந்தோரில் போட்டுவிட்டு, மறுநாள் வந்து "ஆர் அண்ணை இந்த வேலை செய்தது?" என்று நம்மிடமே துக்கம் விசாரிப்பார்கள். கச்சேரியில் அப்படி எத்தனை பெட்டிசங்களை நான் கோவையில் போட்டிருப்பேன்!

ஆக, யார்? இடதுபக்கம் ஒரு மோல்ட்டா நாட்டுக் கிழவர். அவருடைய வளவில் புறாக்களுக்கென்று மூன்று கொட்டில்கள், ஒன்றுக்கும் அனுமதி இருந்திராது. அவர் பரிசோதகரைத் தெருவுக்குள் கூப்பிடமாட்டார். பின்னால் ஒழுங்கை. மிஞ்சியது வலதுபக்கம்.

வலதுபக்கம் டொரீன். எங்கள் வட்டாரத்துச் சின்ன நூலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், இன்னமும் பின்னேரங்களில் அங்கே போய் உதவுவார். தனிமனுசி. கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு வேலிக்கு மேலால் எட்டி, "என்ன சமைக்கிறீர்கள்? நல்ல வாசமாக இருக்கிறதே" என்று கேட்டிருந்தார். அப்போது அது சாதாரணக் கேள்விபோல இருந்தது. கடிதம் வந்த பிறகு யோசித்தால், அவருடைய கண் கொட்டிலின் நீள அகலத்தை அளந்ததுபோல எனக்குப் பட்டது.

4

கடிதம் வந்து மூன்றாம் நாள் டொரீன் கேக்கோடு வந்தார். என் சந்தேகத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

எங்கள் வட்டார உறுப்பினர் ஒருவர் காலமாகியிருந்தார். அந்த ஒரு இடத்துக்கு இடைத்தேர்தல். போட்டி இரண்டே பேருக்குள். ஒருவர் டொரீன், மற்றவர் ஒரு வீட்டுத் தரகர். நூலகக் கட்டடத்தை விற்று அந்த இடத்தில் கடைகள் கட்டவேண்டும் என்பது தரகரின் கட்சி. நூலகத்தை மூடக்கூடாது என்பது டொரீனின் கட்சி. தரகர் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அதனால் அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

டொரீனைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தோம். ஊரிலும் வேட்பாளர்கள் கைகூப்பிக்கொண்டு வருவார்கள். குழந்தையைத் தூக்குவார்கள், அடுத்த தேர்தல்வரை ஆளைக் காணக் கிடைக்காது. நான் பிடிகொடுக்காமல் இருந்தேன். அவர் பேசியது ஆங்கிலம், இங்கே தமிழில் தருகிறேன்.

"உங்கள் நாட்டில் நீங்கள் தேர்தல் அதிகாரியாக இருந்தீர்களாமே? வதனி சொன்னாள்."

வதனி இவரிடம் எப்போது போய் இதெல்லாம் சொன்னாள்? மகளைப் பார்த்தேன். "லைப்ரரியில அப்பா" என்றாள் சாதாரணமாக.

ஆனாலும் தேர்தலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. விரலில் மை பூசுவது, பெட்டிக்கு அரக்கு முத்திரை வைப்பது, முகவர்களின் சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "வாக்குச்சீட்டில் என்ன போடுவார்கள்?" என்றார். அவருடைய பிரசுரத்தையே திருப்பி, பின்பக்கத்தில் அழகாக ஒரு புள்ளடி போட்டுக் காட்டினேன். நுனி வளையாத, இரண்டு கோடும் சமமான புள்ளடி. பதினாறு வருட அனுபவம் அதில் இருந்தது.

"எவ்வளவு அழகாக இருக்கிறது" என்று அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என் கையெழுத்துச் சாயலை எதற்கு எடுத்துப் போகிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

போகும்போது, "நகரசபையில் ஏதாவது தொல்லை என்றால் சொல்லுங்கள்" என்றார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. தானே நெருப்பை வைத்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாரே! "ஒரு தொல்லையும் இல்லை" என்று கதவைச் சாத்தினேன். பூமணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"கடிதத்தை அவவிட்டக் காட்டியிருக்கலாமே."

"எழுதினவவிட்டயே காட்டச் சொல்லுறீரே?"

"அவதான் எழுதினவ எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. பெட்டிசம் எழுதின ஆளின்ர முகம் எனக்குத் தெரியும்."

5

இரண்டு தெரு தள்ளி இரத்தினமும் மனைவி செல்வியும் இருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் வேறு தமிழர் இல்லை. இரத்தினம் கணக்காளர், என்னைவிட இளையவர், அண்ணை என்று சொன்னால் அதில் மரியாதை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது விடயத்தை விரித்தேன்.

"விடக்கூடாது சபா அண்ணை. எங்களிட்ட நாலு வாக்கிருக்கு" என்றார் இரத்தினம். "நாலையும் மற்ற ஆளுக்குப் போடுவம்."

"இஞ்ச எப்பிடிப் போடுறது? எனக்கு இந்த நாட்டில இதுதான் முதல் தரம்" என்று செல்வி கேட்டாள். போன தேர்தலில் அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். நாங்கள் அப்போது பதிந்திருக்கவில்லை. ஆகவே நாலு பேருக்கும் முதல் தரம்தான்.

"எல்லா இடமும் ஒண்டுதான் பிள்ளை. ஆளின்ர பெயருக்கு நேரே ஒரு புள்ளடி. கோட்டுக்கு வெளியில போகக்கூடாது. வேற ஒரு எழுத்தும் எழுதக்கூடாது, எழுதினா செல்லாது."

மூலையில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த வதனி தலையை நிமிர்த்தினாள். "நோ அப்பா. நம்பர் போடவேணும். வன், டூ. எங்கட கிளாஸ் கப்டனுக்கும் அப்பிடித்தான்."

"அது பள்ளிக்கூட விளையாட்டு" என்றேன். "நான் எத்தினை தேர்தல் நடத்தினனான்?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் புத்தகத்துக்குள் போய்விட்டாள். அந்தத் தோள் குலுக்கலை இந்த ஊரில்தான் பழகினாள். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

பூமணி எல்லாருக்கும் வடை பரிமாறிக்கொண்டிருந்தாள். "சரி, புள்ளடி" என்றாள். இரத்தினத்திடம் வடைத் தட்டை நீட்டினாள்.

6

சனிக்கிழமை காலை வதனியின் பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்கெடுப்பு. வாசலில் பெண்கள் கேக் விற்றார்கள். பொலிஸ்காரர் ஒருவரையும் காணவில்லை. டொரீன் நுழைவாசலில் நின்று, எல்லாருக்கும்போல எனக்கும் பிரசுரம் நீட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த பூமணி வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போனேன். மேசையில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள், முகவரியைக் கேட்டாள். அடையாள அட்டை கேட்கவில்லை. "இன்று இதற்கு முதல் வாக்களித்தீர்களா?" என்றாள். இல்லை என்றேன். அவ்வளவுதான், நம்பிவிட்டாள்! ஒரு பென்சில்கோட்டால் என் பெயரை அடித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தாள். விரலில் மை இல்லை. நான் என் விரலை நீட்டிக்கூடப் பார்த்தேன். மோதிரத்தைக் காட்டுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, அழகாக இருக்கிறது என்று சிரித்தாள்.

"கட்டங்களுக்குள் எப்படி..." என்று அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

"எனக்குத் தெரியும். நான் தேர்தல்கள் நடத்தியவன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறைப்புக்குள் ஒரு நூலில் கட்டித் தொங்கியது பென்சில். பென்சிலால் போட்ட வாக்கை அழிறப்பரால் அழித்துவிட எவ்வளவு நேரம்? நான் என் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தேன். பெட்டிக்கு அரக்கு முத்திரை இருக்கிறதா என்று மறைப்புக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மேசைப் பெண் சீட்டுகளை எண்ணித் தருகிறாளா என்று பார்த்தேன். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். அந்த மண்டபத்தில் நான் பார்க்காத ஒரே ஒரு விடயம் என் கையிலிருந்த வாக்குச்சீட்டின் மேற்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த இரண்டு வரி.

தரகரின் பெயருக்கு நேரே நுனி வளையாத புள்ளடி ஒன்று போட்டு மடித்தேன். வெளியே வந்து இரத்தினத்தைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அவரும் அசைத்தார். செல்வி "போட்டாச்சு" என்றாள். பூமணி கேக் விற்கும் இடத்தில் நின்றாள்.

7

டொரீன் மூன்று வாக்கால் தோற்றார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைக்கவில்லை. எங்கள் நாலு வாக்கும் இல்லாவிட்டால் அவர் ஒன்றால் வென்றிருப்பார் என்று இரத்தினம் கணக்குப் பார்த்துச் சொன்னார். இந்த நாட்டில் முதல் தரமாக என் கைக்கு ஒரு பலம் இருப்பதாக உணர்ந்தேன்.

அடுத்த கிழமை கொட்டில் விடயமாக நகரசபைக்குப் போனேன். கெஞ்சிக் கேட்டு இன்னும் ஒரு மாதம் தவணை வாங்குவது என் திட்டம். கருமபீடத்தில் இருந்த இளம் அலுவலர் கோவையை எடுத்து வந்து விரித்தார். நான் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"முறைப்பாடு செய்தது யார்?"

"முறைப்பாடா? ஒருவரும் செய்யவில்லையே." அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "எங்கள் ஆள் மரத்தைப் பார்க்க வந்தார். அப்போதுதான் கண்டார்."

தாளைப் பார்த்தேன். தட்டச்சுச் செய்த கடிதம். கீழே என் கையெழுத்து. ஒழுங்கையில் நிற்கும் சபைக்குச் சொந்தமான மரத்தின் இலைகள் 'எனது பின்வளவுச் சமையல் கொட்டிலின் தகரக் கூரையில்' தொடர்ந்து கொட்டி, மழைநீர் வடியும் பீலியை அடைப்பதால், தாங்கள் உடனடியாக ஒருவரை அனுப்பி நேரில் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆவன செய்திருக்கிறார்கள். எனக்கு எதிரான பெட்டிசத்தை நானே எழுதி, பெயரும் போட்டு, முத்திரையும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

"ஆனால் நீங்கள் கவலைப்படவேண்டாம்" என்றார் அலுவலர். "அடுத்த வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் இல்லை என்றால் கொட்டிலை வைத்திருக்கலாம், ஒரு புகைபோக்கியும் ஒரு வடிகாலும் போட்டால் சரி. அவர் எழுதித் தந்திருக்கிறாரே."

அடுத்த தாள் டொரீனின் கையெழுத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக் கொட்டிலால் தனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, அந்தக் குடும்பத்துக்கு அது மிகவும் தேவை, தயவுசெய்து அனுமதியுங்கள் என்று எழுதியிருந்தார். திகதியைப் பார்த்தேன். கச்சேரியில் பழகிய கண் முதலில் திகதியைத்தான் பார்க்கும். தேர்தலுக்கு ஒன்பது நாள் முந்திய திகதி.

பரமட்டா ஸ்ரேசனில் அன்றைக்கு மூன்று ரயில்களை விட்டுவிட்டு வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன்.

8

அவருக்கு நன்றியாவது சொல்லவேண்டும் என்று சனிக்கிழமை வேலியருகே போனேன். டொரீன் ரோசாச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். மிகவும் நன்றி."

"கொட்டில் தப்பிவிட்டதா? நல்லது. வதனி அன்றைக்கு அழுதுகொண்டு நூலகத்துக்கு வந்தாள், அதனால்தான் எழுதினேன். உங்களைக் கேட்காமல் எழுதியதற்கு மன்னியுங்கள்."

மகள் அழுதது எனக்குத் தெரியாது. எங்கள் முன்னால் அவள் தோளைக் குலுக்குவதோடு சரி.

"தோற்றுப் போனீர்கள். எனக்குக் கவலை" என்றேன். சொல்லும்போதே என் முகம் எனக்குச் சுட்டது.

அவர் கத்தரியை மடக்கினார். "எண்ணும்போது நான் அங்கே நின்றேன், மிஸ்டர் சபாநாதன். செல்லாத வாக்குகளையும் காட்டினார்கள். சிலர் தூசணம் எழுதியிருந்தார்கள், ஒருவர் பந்தயக் குதிரையின் பெயர் எழுதியிருந்தார். நாலு சீட்டில் இலக்கமே இல்லை, அழகாக ஒரு புள்ளடி மட்டும் இருந்தது. இந்த ஊரில் அப்படி யாரும் போடுவதில்லை. இது என்ன குறி என்று அலுவலர் என்னைக் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்."

வாக்கின் இரகசியத்தைக் காப்பேன் என்று தேர்தலுக்குத் தேர்தல் சத்தியம் செய்தவன் நான். என்னுடைய இரகசியத்தையும் மற்ற மூன்று பேருடைய இரகசியத்தையும் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்திருக்கிறேன். எங்கள் நாலு வாக்கும் தரகரை வெல்லவைக்கவும் இல்லை. நிராகரித்த சீட்டுக் கட்டுக்குள் கிடந்திருக்கின்றன. நாலு பேரும் ஒழுங்காக இலக்கமிட்டு இவருக்குப் போட்டிருந்தால் இவர் ஒன்றால் வென்றிருப்பார்.

"மூன்று அவருக்கு" என்றார் டொரீன். குரலில் கோபம் இல்லை. "ஒன்று எனக்கு. வாசலில் என் பிரசுரத்தை வாங்கிக்கொண்ட உங்கள் மனைவியிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்."

பிறகு குனிந்து அடுத்த செடியை வெட்டத் தொடங்கினார்.

நான் வீட்டுக்குள் வந்தேன். பூமணி கொட்டிலில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டியது ஒரு வரிதான். சொன்னால், என் நாலு வாக்குத் திட்டத்தில் அவள் சேரவில்லை என்று எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். பெட்டிசம் எழுதியது யார் என்பதையும் சொல்லவேண்டி வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அந்த 'நாளைக்கு' ஒரு வருடம் நீண்டது.

அதற்குள் நூலகத்தை மூடிவிட்டார்கள். வதனி இப்போது புத்தகத்துக்காக ரயில் ஏறிப் பரமட்டாவுக்குப் போகிறாள். கொட்டில் இருக்கிறது. புகைபோக்கி போட்டாயிற்று. அதற்குக் கீழே நின்று சமைத்த சாப்பாட்டைத்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன்.

9

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்து கொட்டிலுக்குப் போனேன். பூமணி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பூமணி, அந்தப் பெட்டிசம் எழுதினது நான்தான். மர இலைக்கெண்டு எழுதினனான், அதுக்குள்ள கொட்டிலையும் எழுதிப்போட்டன்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "நகலை நீங்கள்தானே கோவையில வைச்சிருக்கிறியள். அலுமாரி துடைக்கேக்க வாசிச்சனான்."

"எப்ப?"

"கடிதம் வந்த அண்டைக்கே."

நான் அம்மிக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் இருந்துவிட்டேன். "அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நம்பியிருப்பியளே? டொரீன்தான் வந்து உங்கட கோவைக்குள்ள அதை வைச்சவ எண்டு சொல்லியிருப்பியள்."

சொல்லியிருப்பேன். அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

"டொரீன் உமக்கு நன்றி சொல்லச் சொன்னவ" என்றேன்.

"எதுக்கு?"

"நீர் அவவுக்குப் போட்டதுக்கு. நாலில ஒண்டு தனக்கு விழுந்தது எண்டு வேலியில வைச்சுச் சொன்னவ. போன வருசம்."

பூமணி அடுப்பைத் தணித்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மிளகாய்த்தூள் பேணிக்குக் கீழே இருந்த பிரசுரத்தை எடுத்து வந்து என் கையில் தந்தாள். மடிப்பைப் பிரித்தேன். டொரீனின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்த கட்டத்துக்குள் பென்சிலால் ஒன்று என்று எழுதியிருந்தது. கட்டத்துக்கு வெளியே போகாத, சின்ன, திருத்தமான ஒன்று. பூமணியின் கை.

"அவ எனக்கு அந்தக் கிழமையே எல்லாம் நேரில சொல்லிப்போட்டா" என்றாள். "நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான்."